வீட்டுக்குள் நாம் சுவாசிக்கும் காற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். மகளுக்கு இளைப்பு வந்த ஆண்டிலிருந்து வீட்டுக்குள் இருக்கும் காற்றைப் பற்றித் தேடிப் படிப்பதும், சிறிய கருவி ஒன்றை அறை அறையாக வைத்து அளந்து பார்ப்பதும் எனக்கு வழக்கமாகிவிட்டன. அக்கம்பக்கத்தாரும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மாசு எல்லாம் வெளியில்தானே? கதவைச் சாத்திக்கொண்டால் வீட்டுக்குள் என்ன வந்துவிடப் போகிறது?

வெளிக்காற்று சன்னல் இடுக்கு, கதவுக்கு அடியில் உள்ள இடைவெளி, சமையலறைத் துவாரம் என்று பல வழிகளில் உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். அதனுடன் நாம் வீட்டுக்குள்ளேயே உண்டாக்கும் புகையும் சேர்கிறது. தாளிப்பு, வறுவல், கொசுவத்தி, ஊதுவத்தி, சாம்பிராணி, சிகரெட் ஆகியவற்றின் புகை திறந்த வெளியில் நிமிடங்களில் கலைந்துவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அது கலைவதற்கு இடமில்லாமல் மணிக்கணக்கில் தங்கிவிடுகிறது.

ஆகவே, வீட்டுக் காற்றைச் சீர்செய்ய நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, வீட்டுக்குள் எது எரிகிறது என்பதைத்தான். அதைக் குறைத்த பிறகு காற்றோட்டம், அதற்கும் பிறகுதான் இயந்திரம். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பணத்தைச் செலவிட்டுவிட்டு வருந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

பிஎம் 2.5 என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது என்ன? எவ்வளவு இருந்தால் பரவாயில்லை?

2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான விட்டமுள்ள துகள்களுக்கு அந்தப் பெயர். தலைமுடியின் தடிமனோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. மூக்கும் தொண்டையும் பிடித்து நிறுத்தும் பெரிய தூசியைப் போலன்றி, இவை நுரையீரலின் காற்றறைகள் வரை சென்றுவிடும். ஆஸ்துமாவை மட்டுமல்லாமல் இதய நோயையும் பக்கவாதத்தையும் இவற்றோடு தொடர்புபடுத்தியிருக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமையும், ஒரு நாள் சராசரி 15 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. இந்தியாவில் 2009இல் வகுக்கப்பட்ட வெளிக்காற்றுத் தரத்தில் இந்த எண்கள் முறையே 40, 60. வீட்டுக்குள்ளும் 15க்கு அருகில் வைத்திருக்க முயல்வதே சரியென்று நினைக்கிறேன். நம் ஊரில் அது எல்லா நாளும் கைகூடாது.

நாங்கள் விறகு எரிப்பதே இல்லை, எரிவாயு அடுப்புதான். பிறகு சமையலறையில் என்ன பிரச்சினை?

எரிவாயு விறகைவிடப் பன்மடங்கு தூய்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அடுப்பில் எரிவது வாயு என்றாலும், வாணலியில் புகைவது எண்ணெய். மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளிப்பது, மீன் வறுப்பது, அப்பளம் பொரிப்பது, தோசைக்கல்லைக் காயவிட்டு மறந்துவிடுவது ஆகியவற்றில் எழும் நுண்துகள்கள், எந்த எரிபொருளைப் பயன்படுத்தினாலும் எழத்தான் செய்யும். மின்தூண்டல் அடுப்புக்கும் இது பொருந்தும். எரிவாயுச் சுடர் கூடுதலாக நைட்ரஜன் டை ஆக்சைடையும் வெளியிடுகிறது. அது ஆஸ்துமா உள்ளவர்களுக்கு எரிச்சலூட்டும்.

எண்ணெய் புகையத் தொடங்கும் முன் கடுகைப் போடுவதும், தாளிக்கும்போது மூடியைக் கையோடு வைத்திருப்பதும் செலவில்லாத மாற்றங்கள். வேகவைக்கும் உணவு நமக்குப் புதிதல்ல. இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் புகையே கிடையாது.

சிம்னி போட்டிருக்கிறோம். அப்படியும் தாளித்தால் கூடத்தில் இருப்பவர் வரை இருமுகிறார்களே, ஏன்?

முதலில் அந்தச் சிம்னிக்கு வெளியே போகும் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் இல்லாத வகை, எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துக்கொண்டு மீதிக் காற்றை அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறது. நுண்துகளையும் வாயுவையும் அது பெரிதாகக் குறைப்பதில்லை. குழாய் இருந்தும் இழுக்கவில்லை என்றால், வலை எண்ணெயால் அடைத்திருக்கலாம், அல்லது எல்லாச் சன்னல்களும் மூடியிருக்கலாம். உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் வெளியேயும் போக முடியாது. கூடத்துச் சன்னல் ஒன்றை ஒரு சாண் திறந்து வைத்தால் உடனே வேறுபாடு தெரியும்.

புகை அதிகம் வரும் சமையலைச் சுவரை ஒட்டிய பின் அடுப்பில் வையுங்கள். முன் அடுப்பின் புகை சிம்னிக்குள் போகாமல் நழுவி விடுகிறது. சிம்னியையோ எக்ஸாஸ்ட் ஃபேனையோ அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே போட்டு, சமையல் முடிந்து பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து நிறுத்துவது நல்லது. அடுக்குமாடிகளில் இன்னொரு சிக்கல் உண்டு: பல வீடுகளின் எக்ஸாஸ்ட் ஃபேன்கள் ஓடிஎஸ் எனப்படும், கட்டடத்தின் நடுவே வானம் பார்த்துத் திறந்திருக்கும் பொதுவான வெளிக்குள் புகையைத் தள்ளுகின்றன, அதே வெளியை நோக்கித்தான் மேல்மாடிக்காரரின் குளியலறைச் சன்னலும் திறந்திருக்கிறது. குழாயை மொட்டைமாடி வரை கொண்டுபோக முடியுமா என்று சங்கக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்.

ஊரில் அம்மா இன்னும் விறகடுப்பில்தான் வெந்நீர் வைக்கிறார். சிலிண்டர் இருக்கிறது, ஆனால் பழக்கம் போகவில்லை. எவ்வளவு வேறுபாடு வந்துவிடும்?

பெரிய வேறுபாடு. சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமச் சமையலறைகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதை அளந்து வருகிறார்கள். அவர்களும் பங்கேற்று, இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்ட 'ஹாப்பின்' ஆய்வில், விறகிலிருந்து எரிவாயுவுக்கு மாறிய பெண்கள் சுவாசித்த நுண்துகள் அளவு, மாறாதவர்களின் சுமார் 70 மைக்ரோகிராமோடு ஒப்பிட ஏறத்தாழ 24 ஆக இருந்தது. அதே ஆய்வில், குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கண்ணெரிச்சலும் இருமலும் தீர்ந்தாலே போதுமான காரணம் என்பது என் எண்ணம்.

வெந்நீருக்கு மட்டும் விறகு என்றால், அந்த அடுப்பைக் கொல்லைப்புறத் திறந்த வெளிக்கு மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. பழைய வீடுகளில் சமையலறைக்குப் புகைபோக்கியும் நடுவில் முற்றமும் வைத்துக் கட்டினார்கள். முற்றத்தை மூடிக் கூரை போட்டுவிட்டு, அடுப்பை மட்டும் பழையபடி வைத்திருக்கும் வீடுகளைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

கொசுவத்திச் சுருள் உண்மையிலேயே அவ்வளவு கெடுதலா? டெங்குவைவிடப் புகை மேல் இல்லையா?

2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என்று கணக்கிட்டது. மூடிய படுக்கையறையில், கட்டிலுக்கு அடியில், விடிய விடிய எரியும் பொருள் அது. புகை வராத அட்டை என்று விற்கப்படுவதும் எரியும் பொருளே.

கொசுவை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சன்னலுக்கு வலை அடிப்பதும், கட்டிலுக்குக் கொசுவலை கட்டுவதும் புகையே இல்லாத வழிகள். மின்சாரத்தில் வேலை செய்யும் திரவ வகை துகள்களைப் பெரிதாக வெளியிடுவதில்லை. ஆனாலும் பூச்சிக்கொல்லி காற்றில் கலப்பதால், படுப்பதற்கு முன் சிறிது நேரம் போட்டு நிறுத்திவிடுவதே நல்லது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. இரவெல்லாம் சுருள் கொளுத்துவதைவிட, பூந்தொட்டித் தட்டிலும் குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டிலும் தேங்கும் நீரைக் கொட்டுவது அதற்கு எதிராகக் கூடுதல் பயன் தரும்.

ஊதுவத்தி, சூடம், சாம்பிராணி எல்லாமே புகைதான் என்றால், பூசையையே நிறுத்தச் சொல்கிறீர்களா?

இல்லை. எங்கள் வீட்டிலும் நாள்தோறும் விளக்கேற்றுகிறோம். ஊதுவத்தியின் புகையும் சுருளின் புகையைப் போன்றதே. ஆனால் எத்தனை, எவ்வளவு நேரம், எந்த அறையில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்று வத்திக்குப் பதில் ஒன்று, சன்னலைத் திறந்து வைத்து, ஆராதனை முடிந்ததும் அணைத்துவிடுவது என்ற ஏற்பாட்டுக்கு எங்கள் மாமியார் எளிதில் ஒப்புக்கொண்டார். கம்ப்யூட்டர் சாம்பிராணி வசதியாக இருப்பதாலேயே நாள்தோறும் கொளுத்தப்படுகிறது. தணல் போட்டுத் தூபம் காட்டும் வேலையை வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வைத்திருந்த பழைய வழக்கமே நுரையீரலுக்கு ஏற்றது.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தலைக்குக் குளிப்பாட்டிய கைக்குழந்தையின் முடியை உலர்த்தச் சாம்பிராணிப் புகை காட்டுவது வேண்டாம். பெரியவரைவிடக் குழந்தை விரைவாக மூச்சு விடுகிறது, அதன் மூச்சுக்குழாயோ மிகச் சிறியது. மெல்லிய பருத்தித் துணியால் துவட்டினால் போதும்.

வீடு பிரதான சாலையில் இருக்கிறது. சன்னலைத் திறப்பதா, மூடுவதா?

நேரத்தைப் பார்த்து இரண்டையும் செய்ய வேண்டும். காலை, மாலை நெரிசல் நேரங்களில் சாலைப்பக்கச் சன்னலை மூடி, பின்பக்கச் சன்னலைத் திறந்து வைக்கலாம். வெயில் ஏறிய பிறகு தரையோரக் காற்று மேலெழுந்து கலப்பதால் மாசு பொதுவாகக் குறைகிறது. சென்னையில் கோடையின் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வீசத் தொடங்கும். வீட்டைத் திறந்துவிட அதுவே நல்ல நேரம். எண்ணூர், மணலிப் பக்கம் இருப்பவர்கள் மட்டும் காற்று ஆலைகளைக் கடந்து வருகிறதா என்று திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் அருகிலுள்ள நிலையத்தின் எண்ணைப் பார்க்கலாம். காற்றுத் தரக் குறியீடு 100க்குள் இருந்தால் தயங்காமல் திறவுங்கள். வீட்டுக்குள் சமையல் புகை நிறைந்திருக்கும்போது, வெளியே 150 இருந்தாலும் திறப்பதே மேல்.

மார்கழி அதிகாலையில் ஓசோன் கீழே இறங்கி வரும், அப்போது சன்னலைத் திறந்து சுவாசித்தால் நல்லது என்கிறார்களே?

ஒவ்வோர் ஆண்டும் பகிரப்படும் இந்தச் செய்தி தவறானது. ஓசோன் படலம் தரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, அது மார்கழியில் இறங்கி வருவதில்லை. தரையருகில் ஓசோன் உண்டாவதற்கு வெயில் தேவை என்பதால், விடியற்காலையில்தான் அது மிகக் குறைவு. இருந்தாலும் அது நன்மை தரும் வாயு அல்ல, மூச்சுக்குழாயைப் புண்ணாக்குவது.

மார்கழி விடியலில் காற்று அசையாமல் நிற்பதால், இரவெல்லாம் வெளியான புகை தரையோரமே தங்கியிருக்கும். கோலம் போடவும் கோயிலுக்குப் போகவும் இது தடையல்ல. இளைப்பு உள்ள குழந்தையின் அறைச் சன்னலை மட்டும் வெயில் வந்த பிறகு திறந்தால் போதும்.

ஏசி போட்டால் காற்று சுத்தமாகிவிடும் அல்லவா?

ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அதிலுள்ள வலை பெரிய தூசியைப் பிடிக்கும், நுண்துகளைப் பிடிக்காது. கதவை இறுக்க மூடி மூன்று பேர் படுத்தால் கரியமில வாயு வெளியில் உள்ள சுமார் 420 பிபிஎம்மிலிருந்து (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) விடிவதற்குள் ஆயிரத்தை வெகுவாகத் தாண்டிவிடும்; காலையில் தலை பாரமாக இருப்பதற்கு அந்தப் புழுக்கமும் ஒரு காரணமாகலாம். அறைக்கதவை இரண்டு விரல் அளவு திறந்து வைத்தாலும் நிலைமை மாறும். வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள்.

மணி பிளான்டும் பாம்புச் செடியும் வைத்தால் காற்றைச் சுத்தம் செய்யுமாமே?

இந்த நம்பிக்கை நாசாவின் 1989ஆம் ஆண்டு ஆய்விலிருந்து வந்தது. அது சிறிய, முற்றிலும் மூடிய பெட்டிக்குள் நடந்த சோதனை. பிற்கால ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்ட 2019ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, திறந்த சன்னல் செய்யும் வேலையைச் செடிகளைக் கொண்டு செய்ய ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டும் என்று கண்டது. கண்ணுக்குக் குளிர்ச்சி என்பதற்காக வளருங்கள்.

ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா? எந்த அளவு வாங்குவது?

முன்பு சொன்னபடி எரிவதைக் குறைத்து, காற்றோட்டத்தையும் சரிசெய்த பிறகும் தேவை இருந்தால் வாங்கலாம். ஆஸ்துமா உள்ளவர் இருந்தாலும், சாலையோர வீடு என்றாலும் பயன் உண்டு. உண்மையான ஹெப்பா வடிகட்டி இருக்கிறதா, 'சிஏடிஆர்' எனப்படும் தூய காற்று அளவு என்ன என்ற இரண்டை மட்டும் பாருங்கள். பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை, பத்தடி உயரம் என்றால் கொள்ளளவு சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை வடிகட்ட வேண்டும் என்றால் மணிக்கு 170 கன மீட்டர் சிஏடிஆர் தேவை. கருவிக்குக் குறிப்பிடப்படும் சிஏடிஆர் எண் உச்ச வேகத்தில் அளந்தது. இரவில் சத்தம் தாங்காமல் வேகத்தைக் குறைப்போம் என்பதால் 250க்கு மேல் உள்ளதைத் தேர்ந்தெடுப்பேன்.

ஹெப்பா துகளை மட்டுமே பிடிக்கும். பெயின்ட் வாடைக்கும் கரியமில வாயுவுக்கும் அது மருந்தல்ல. மாற்று வடிகட்டியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஓசோன் அல்லது அயனி வெளியிட்டுத் தூய்மை செய்வதாகச் சொல்லும் கருவிகளை வாங்காதீர்கள். ஓசோனைப் பற்றி மார்கழிக் கேள்வியில் சொன்னது இங்கும் பொருந்தும்.

மழைக்காலம் வந்தால் அலமாரிக்குப் பின்னால் கருப்பாகப் பூஞ்சை படர்கிறது. பெயின்ட் அடித்தும் மறுபடியும் வருகிறதே?

பூஞ்சைக்கு வேண்டியது ஈரம். சுவரில் ஓதம் இருக்கும்வரை எத்தனை பூச்சு அடித்தாலும் அது திரும்பும். மொட்டைமாடி விரிசல், கசியும் குழாய், குளியலறைக்கு மறுபக்கச் சுவர் ஆகியவற்றைப் பார்த்து ஈரம் வரும் வழியை அடைப்பதே முதல் வேலை. வெள்ளம் புகுந்த வீடு என்றால் நனைந்த மெத்தையையும் துணியையும் இரண்டு நாட்களுக்குள் உலர்த்த வேண்டும். முடியாவிட்டால் மெத்தையை அப்புறப்படுத்துவதே நல்லது.

ஐப்பசி, கார்த்திகையில் துணிகளைப் படுக்கையறைக் கொடியில் உலர்த்தாமல் இருக்க முடிந்தால் பெரிய உதவி. முடியாவிட்டால் அந்த அறையில் மின்விசிறியை ஓடவிட்டு, கதவை மூடி, சன்னலைத் திறந்து வையுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போட்டால் பின்னால் காற்று போகும்.

நாள்தோறும் இரண்டு வேளை பெருக்குகிறோம், அப்படியும் தும்மல் நிற்கவில்லை.

பெருக்குவதாலேயே தும்மல் வரலாம். உலர்ந்த துடைப்பம் படிந்த தூசியை மூக்கு உயரத்துக்கு எழுப்புகிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு மெதுவாகப் பெருக்கி, உடனே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தூசியில் வாழும் உண்ணிகளின் கழிவே பலருக்கு ஒவ்வாமை தருவது. அவை தலையணையிலும் மெத்தையிலும்தான் மிகுதி. உறைகளை வாரம் ஒருமுறை சுமார் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டுங்கள். தட்டுகிறவர் ஒவ்வாமை உள்ளவராக இருக்கக் கூடாது.

அந்துருண்டை, பினாயில், புதுப் பெயின்ட் எல்லாம் வாடைதானே, புகை இல்லையே?

வாடையும் வாயுதான். அந்துருண்டையில் உள்ள நாப்தலீன், ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடும். கைக்குழந்தையின் துணிகளோடு அதை வைக்கவே வேண்டாம். புதிய பிளைவுட், துகள் பலகைச் சாமான்கள் ஃபார்மால்டிஹைடை மாதக்கணக்கில் வெளியிடும். அவற்றைக் குழந்தை பிறப்பதற்கு வெகு நாள் முன்பே வாங்கிக் காற்றாட விடுங்கள். பழைய பூச்சைச் சுரண்டும்போது ஈயத்தூசி எழலாம். இந்தியாவில் வீட்டு பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017இல்தான்.

கழிப்பறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு உண்டாகும்.

வெந்நீருக்குக் குளியலறையிலேயே கேஸ் கீசர் வைத்திருக்கிறோம். அதில் ஆபத்து உண்டா?

உண்டு, இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாவற்றிலும் இதுவே உடனடி ஆபத்து. காற்றோட்டமில்லாத அறையில் எரிவாயு அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைச்சுற்றல் உணர்ந்து தாழ்ப்பாளைத் திறப்பதற்குள் மயக்கம் வந்துவிடும். கீசரைக் குளியலறைக்கு வெளியே மாற்றுங்கள். உதகையிலும் கொடைக்கானலிலும் குளிருக்காக மூடிய அறையில் அடுப்புக்கரி மூட்டி உறங்கியவர்கள் இறந்ததும் இதே வாயுவால்தான். இதை எந்த ஏர் பியூரிஃபையரும் நீக்காது.

விலை குறைந்த கருவி ஒன்று வாங்கினேன். இட்லி வேகும்போது எண் எகிறுகிறது. ஆவிகூட மாசா?

இல்லை. அந்தக் கருவி ஒளிக்கற்றை சிதறுவதை வைத்துத் துகளை எண்ணுகிறது. நீர்த்துளியையும் தூசி என்று எடுத்துக்கொள்ளும். ஈரப்பதம் மிகுந்த நாட்களிலும் கூட்டிக் காட்டும். சரியான எண்ணுக்காக அல்லாமல், ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்காக அதை நம்பலாம். கரியமில வாயு அளவி வாங்கினால், அகச்சிவப்பு முறையில் நேரடியாக அளப்பதா என்று கேளுங்கள். மலிவானவை பலவும் வேறு வாயுக்களிலிருந்து ஊகித்துத்தான் காட்டுகின்றன.

போகியன்றும் தீபாவளியன்றும் தெருவே புகையாக இருக்கிறது. அன்றைக்கு என்ன செய்வது?

சன்னல்களை மூட வேண்டிய நாட்கள் இவை. முந்தைய இரவே மூடி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்து, வீட்டுக்குள் ஊதுவத்தியும் வறுவலும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2018 போகியன்று பனியும் புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்திலேயே விமானங்கள் தாமதமாயின என்றால், நான்காம் மாடிப் படுக்கையறை தப்பாது. வெளியே எண் இறங்கியதும் எல்லாவற்றையும் ஒருசேரத் திறந்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டோம். பிள்ளைக்கு இளைப்பு இன்னும் வருகிறதே?

காற்று மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. சளிக்கிருமியும் பருவ மாற்றமும் இளைப்பைத் தூண்டும். வீட்டில் பலரும் கவனிக்காமல் விடுவது கரப்பான்பூச்சி. அதன் கழிவு வலுவான ஒவ்வாமைப் பொருள். இன்னொன்று, பால்கனியில் நின்று புகைத்துவிட்டு உள்ளே வருபவரின் சட்டையிலும் மூச்சிலும் வரும் புகையெச்சம்.

காற்றைச் சரிசெய்துவிட்டோம் என்று மருத்துவர் எழுதித் தந்த இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும். எந்த நாளில், எந்த அறையில், எதற்குப் பிறகு இளைப்பு வந்தது என்று ஒரு குறிப்பேட்டில் ஒரு மாதம் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கள் மகளுக்குத் தூண்டுதல் தலையணைதான் என்பது அப்படி எழுதிய மூன்றாம் வாரத்தில்தான் தெரிந்தது.